கியரை முடிவு செய்யுங்கள், அப்புறம் விலை பேசலாம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கார் வாங்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "சொல்ற விலையில எவ்வளவு குறைச்சுக் கேக்கலாம்?" என்பதுதான். அதற்கு வருகிறேன். ஆனால் மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்பதை அதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பழைய கார் விற்கிற கன்சல்டிங்குக்குப் போனால் பேரமே பேச முடியாது. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் கியர் மாறினால் விலை மாறும், தேய்கிற பாகம் மாறும், நாளைக்குச் செலவு வைக்கிற இடமும் மாறும். எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரியாமல் போகிறவர், எதைக் காட்டி விலையைக் குறைப்பார்? "கொஞ்சம் பாத்துப் போட்டுக் கொடுங்கண்ணே" என்று கெஞ்சத்தான் முடியும். கெஞ்சிக் குறைவது ஐயாயிரம். காட்டிக் குறைப்பது அதைப்போலப் பல மடங்கு.

கியரை முடிவு செய்யக் காரைப் பார்க்க வேண்டியதில்லை. யார் ஓட்டப்போகிறார்கள், எந்த ரோட்டில், எந்த நேரத்தில் என்று பார்த்தால் போதும். வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் ஓ.எம்.ஆரில் போய்வருகிறவருக்கு, மெட்ரோ வேலை நடக்கிற இடங்களில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவிலேயே வாழ்க்கை ஓடுகிறது. இடது கால் கிளட்சை விட்டு இறங்குவதே இல்லை. மூட்டு வலி உள்ளவர், ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாகக் கார் ஓட்டப் பழகுகிறவர், இவர்களுக்கெல்லாம் ஆட்டோமேட்டிக் ஆடம்பரம் கிடையாது. அது இருந்தால்தான் அவர்கள் வண்டியை வெளியே எடுப்பார்கள். மேனுவல் வாங்கிக் கொடுத்தால் பல வீடுகளில் அது போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

இன்னொருவர் மன்னார்குடியில் இருக்கிறார், மாதத்தில் சில நாள் தஞ்சாவூர், திருச்சி என்று போய்வருகிறார், கையில் இருப்பது நான்கு ஐந்து லட்சம். அவருக்கு நான் யோசிக்காமல் மேனுவல்தான் சொல்வேன். அதே பணத்துக்கு ஒன்றிரண்டு வருடம் புதிய வண்டி கிடைக்கும். கிளட்ச் போனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக்கே ஒரு நாளில் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

இனி ஆட்டோமேட்டிக் என்று முடிவு செய்தவர்களுக்கு. இந்த ஒரு பெயருக்குள் நான்கு வகை இருக்கிறது. நான்கும் ஒன்று என்று நினைத்து வாங்குவதுதான் இன்றைக்குப் பழைய கார் சந்தையில் நடக்கிற பெரிய தவறு.

அதிகம் கண்ணில் படுவது ஏ.எம்.டி. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து, அதன் பிறகு சின்ன கார்களில் பரவியது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே கிளட்ச் பிளேட், அதே பல்சக்கரங்கள். நம் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. அதனால்தான் விலை குறைவு; மைலேஜும் மேனுவலை ஒட்டியே வரும். ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது வண்டி ஒரு நொடி தலையாட்டும். அது கோளாறு இல்லை, அதன் சுபாவம். ஆனால் கிளட்ச் பிளேட் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். மேட்டில் டிராஃபிக் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து நிறுத்துவார்கள். ஏற்காடு, கொல்லிமலை என்று போனால் வளைவுக்கு வளைவு இதைச் செய்வார்கள். கொல்லிமலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவு. உள்ளே பிளேட் கருகிக்கொண்டிருக்கும். அதை மாற்றும்போது இன்னொரு சிக்கல்: புது கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் போட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எல்லா ஊர் மெக்கானிக்கிடமும் அந்தக் கருவி இருக்காது. உங்கள் ஊரில் இதை யார் பார்ப்பார்கள் என்று விசாரித்துவிட்டு ஏ.எம்.டி. பக்கம் போங்கள்.

இரண்டாவது டார்க் கன்வெர்ட்டர். பழைய, நம்பகமான வகை. எதிரெதிரே இரண்டு ஃபேனை வைத்து ஒன்றைப் போட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றுமே, அதுபோல இங்கே காற்றுக்குப் பதிலாக ஆயில். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் உரசித் தேய்கிற கிளட்ச் பிளேட் இல்லாததால் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பும். பழைய நான்கு கியர் வண்டிகளில் மைலேஜ் அடிவாங்கும், அது உண்மை. ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் உழைக்கிற உழைப்புக்கு இதை மிஞ்ச ஆளில்லை. பழைய ஆட்டோமேட்டிக் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

சி.வி.டி.யில் கியர்ப் படிகளே கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவில் ஒரு இரும்பு பெல்ட். நகரத்துக்கு இதைப்போல மென்மையானது இல்லை. ஆயில் மாற்றிய பில் இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் தள்ளி நில்லுங்கள். கடைசி வகை இரண்டு கிளட்ச் உள்ள டி.சி.டி. ஓட்ட அருமையாக இருக்கும். அதன் உலர் கிளட்ச் வகை நின்று நின்று போகிற டிராஃபிக்கில் சூடேறும். வாரண்டி முடிந்த டி.சி.டி.யைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால், கியர்பாக்ஸ் வேலை வந்தால் தாங்குவதற்குக் கையில் தனியாகப் பணம் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் இறக்கத்தில் 'டி'யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எல், 2, அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றி இன்ஜின் வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன பிறகு கற்றுக்கொள்கிற பாடம் இல்லை இது.

இப்போது வண்டியைப் பார்க்கப் போகலாம். காலையில் போங்கள், நல்ல வெளிச்சத்தில். "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்ணே" என்று முந்தைய நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது என்ன சத்தம் போடும் என்பதை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது.

அடுத்தது கண்ணாடிகள். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் கம்பெனி முத்திரையோடு வருடத்தைக் குறிக்கும் சின்ன எண் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. கதவு ரப்பரை இழுத்து உள்ளே இருக்கும் வெல்டிங் புள்ளிகளைப் பாருங்கள், கம்பெனியில் போட்டது வரிசையாக இருக்கும். கதவை விரலால் தட்டுங்கள். பட்டி போட்ட இடம் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். பானெட்டைத் தாங்குகிற போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டு பெயின்ட் பெயர்ந்திருந்தால் பானெட் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். '2320' என்றால் 2020-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். மீட்டர் 28 ஆயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது, டயரோ வண்டியைவிட நான்கு வருடம் புதியது என்றால், முதல் டயர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் போயின என்று கேளுங்கள். மீட்டரைத் திருப்புவது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த விஷயம். பெடல் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட்டின் ஓரம் இந்த மூன்றையும் திருப்ப முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்த்த வண்டி என்றால், ஒவ்வொரு சர்வீஸுக்கும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற கணக்கு அங்கே இருக்கும். ஓனரையே அதை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இந்த இரண்டு வெள்ளத்தையும் நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். மடிப்புக்குள்ளே இருக்கும் சேற்றுக்கறையைப் பெரும்பாலும் யாரும் கழுவுவதில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கிற குழியில் மண் என்று இருந்தால், டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போதுதான் நீங்கள் முடிவு செய்த கியர் கைகொடுக்கும். மேனுவல் என்றால் நான்காவது கியரில் குறைந்த வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஏ.எம்.டி.யை மேம்பால ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புங்கள். உதறினாலோ கருகல் வாசனை வந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். டார்க் கன்வெர்ட்டரில் பிரேக்கை மிதித்தபடி 'பி'யிலிருந்து 'ஆர்', அங்கிருந்து 'டி' என்று மாற்றுங்கள். கியர் விழத் தாமதமானாலும் 'டொம்' என்று இடித்தாலும் ஆயிலோ அதற்கு மேலோ பிரச்சினை. சி.வி.டி. மெதுவாக நகரும்போது அதிர்ந்தால் வேண்டாம். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். லட்சக்கணக்கில் செலவு செய்கிற இடத்தில் அந்தக் கூலியை மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

விலைக்கு வருவோம். முதலில் அதே வண்டி இன்றைக்குப் புதிதாக ஆன்ரோடு என்ன விலை என்று ஷோரூமில் எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் செஸ்ஸையும் சேர்த்துப் பெட்ரோல் வண்டிக்கு 29 சதவீதம் இருந்தது. விற்கிறவர் தான் வாங்கியபோது கொடுத்த விலையிலிருந்து கழித்துக் கணக்குச் சொல்வார். நீங்கள் இன்றைய புது விலையிலிருந்து கழிக்க வேண்டும். பிறகு அதே மாடல், அதே வருடம், அதே கியர், ஏறத்தாழ அதே கிலோமீட்டர் உள்ள சில வண்டிகளின் விலையைப் பாருங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலைதான், கைமாறுகிற விலை அதற்குக் கீழே இருக்கும். அதிலிருந்து நீங்கள் தாண்டவே கூடாத ஒரு தொகையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

போன ஆடியில் என் அக்கா மகனோடு பூந்தமல்லி பக்கம் ஒரு கன்சல்டிங்குக்குப் போயிருந்தேன். ஆடியில் வண்டி எடுக்கப் பலர் தயங்குவார்கள். யார்டு காற்றாடும், பேசவும் நேரம் கிடைக்கும். 2018 ஸ்விஃப்ட், பெட்ரோல், மேனுவல். கேட்டது 5 லட்சத்து 25 ஆயிரம். பையன் வீட்டில் எழுதிவைத்திருந்த உச்சவரம்பு 4 லட்சத்து 80. மெக்கானிக் பார்த்து முடித்ததும் ஒரு தாளில் எழுதினோம். நான்கு டயரும் தேய்ந்தவை, 20 ஆயிரம். கிளட்ச் செட், லேபரோடு 9 ஆயிரம். இன்சூரன்ஸ் அடுத்த வாரம் முடிகிறது, 14 ஆயிரம். மொத்தம் 43. இடது பின்கதவில் பட்டி, அது தனி.

பையன் அந்தத் தாளை மேஜைமேல் திருப்பி அவர் பக்கம் வைத்தான். "அண்ணே, வண்டி புடிச்சிருக்கு. வாங்கத்தான் வந்திருக்கோம். இதெல்லாம் எடுத்த உடனே செய்யணும். 4 லட்சத்து 55-க்கு முடிச்சுக் கொடுங்க."

"கட்டுபடியாகாது தம்பி. நான் எடுத்த ரேட்டே அதுக்கு மேல. மத்தவங்களுக்கு முன்ன பின்ன பாத்துக்கலாம்னு சொல்வேன், உங்களுக்கு ஒரே ரேட்டா அஞ்சு."

பையன் உடனே 4.65 என்று ஏறவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "சரிண்ணே, அஞ்சுக்கே எடுத்துக்கறேன். டயரும் கிளட்சும் நீங்க போட்டு, இன்சூரன்ஸும் கட்டிக் கொடுத்துடுறீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கால்குலேட்டரை எடுத்தார். அந்தக் கணம் முக்கியமானது. அதுவரைக்கும் அந்த 43 ஆயிரம் நாம் சொல்கிற குறை. அவர் செய்துகொடுக்க வேண்டும் என்றதும் அது அவர் பையிலிருந்து போகிற பணம். "செஞ்செல்லாம் தர முடியாது, 4 லட்சத்து 85 போட்டுக்கங்க" என்றார். பையன், "லோன் இல்லண்ணே, பேங்க்ல இருந்து நேரா வந்துடும், இன்னைக்கே அட்வான்ஸ் போடுறேன், 70" என்றான். 4 லட்சத்து 75-ல் முடிந்தது, பெயர் மாற்றும் செலவு அவருடையது.

இதில் தந்திரம் எதுவும் இல்லை. வண்டியைத் திட்டவில்லை, வேறு இடத்தில் குறைவாகக் கிடைக்கிறது என்று பொய் சொல்லவில்லை. ஓனரிடமே நேரில் வாங்கும்போது இது இன்னும் முக்கியம். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போன வண்டியை விற்கிற மனிதரிடம், பாதி விலைக்குக் கேட்டு ஆரம்பித்தால் அவர் கதவைச் சாத்திவிடுவார். சாத்துவதில் நியாயமும் இருக்கிறது. கூட வருகிற வீட்டாரிடம் மட்டும் ஒன்று சொல்லிவையுங்கள்: "கலர் சூப்பரா இருக்கு" என்று விற்கிறவர் காதில் விழும்படி சொல்ல வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வரும். இ-செலான் பாக்கி இருந்தால் அவர் கட்டிய பிறகுதான் பேச்சு. ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். புதுச்சேரி வண்டி, டெல்லி வண்டி என்று விலை குறைவாகத் தெரிந்தால், அந்த மாநிலத்துத் தடையில்லாச் சான்றை வாங்கி இங்கே திரும்பப் பதிவு செய்யும் அலைச்சலையும், கட்ட வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான், அதற்கு மேல் எஃப்.சி. காட்டி 5 வருடம் 5 வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 13 வருடப் பழைய வண்டிக்கு இதைச் சொல்லியே விலை குறைக்கலாம்.

பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2017-லிருந்து வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது, ஆர்.டி.ஓ.வில் போய்ச் சேர வேண்டும். வண்டியை விற்று ஓட்டிக்கொண்டு போய்விட்டாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பெயர் மாற்றுவதில் விற்கிறவருக்கும் உங்களுக்குச் சமமான அக்கறை இருக்க வேண்டும். அவர் இழுத்தடித்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனர் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். உச்சவரம்பை எழுதும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக் அவர் பெயரில் இருக்கும், அதை அவர் முடித்துக்கொள்ளட்டும், நீங்கள் புதிது வாங்குங்கள். இரண்டாவது சாவி கைக்கு வரும்வரை பத்தாயிரத்தை நிறுத்தி வையுங்கள். சென்சார் சாவி என்றால் புதிது செய்யப் பல ஆயிரம் ஆகும், "வீட்ல எங்கயோ இருக்கு சார்" என்கிற சாவி அந்தப் பத்தாயிரம் நிலுவையில் இருந்தால் பெரும்பாலும் அன்று சாயங்காலமே கிடைத்துவிடும்.